காவலர் இல்லாத நகரில் துப்பறிவோர்: பண்டை உரோமும் முரட்டுத் துப்பறிகதையும்

துப்பறியும் கதை என்ற சொல் காதில் விழுந்த அளவிலேயே முகம் சுளிக்கும் வழக்கம் இலக்கிய அன்பர்களிடையே உண்டு. இரயில் பயணத்தில் படித்துவிட்டு இறங்கும் நிலையத்திலேயே விட்டுச் செல்லத்தக்க பொருள் அது என்பது பலரது கருத்து. அக்கருத்தை முற்றிலும் மறுக்க நான் முற்படவில்லை. அவ்வகை நூல்களிற் பெரும்பாலானவை அத்தகையனவே. ஆயினும் அதன் சிறு கிளையொன்று, முப்பது ஆண்டுகளுக்கு மேலாக, இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முந்திய உரோமாபுரியைக் களமாகக் கொண்டு வளர்ந்து வந்திருக்கிறது. அது எழுப்பும் வினா வரலாற்று மாணவனையும் கவிஞனையும் ஒருங்கே தொடுவது. ஒரு குற்றத்தின் உண்மையைச் சொல்லும் உரிமை அந்நகரில் யாருக்கு இருந்தது? யாருடைய சொல் சான்று எனக் கொள்ளப்பட்டது? இவ்வினாவை முன்னிட்டே இக்கட்டுரையை நமது வட்டத்தின் பத்தாம் ஆண்டு மலருக்கு எழுதுகின்றேன்.

முதலில் பெயரைப் பற்றிச் சில சொற்கள். ஆங்கிலத்தார் இவ்வகைக் கதைக்கு இட்ட பெயர், கொதிநீரில் நெடுநேரம் கிடந்து வெந்து இறுகிய முட்டையைக் குறிப்பது. எளிதில் உடையாத, உருகாத, யாரையும் நம்பாத மனிதனை அமெரிக்கர்கள் அப்படி வழங்கினர். அதனை 'முரட்டுத் துப்பறிகதை' என்று இங்கே குறிக்கின்றேன். 1920இல் தொடங்கப்பெற்ற 'பிளாக் மாஸ்க்' என்னும் மலிவு விலை இதழில் இது வேரூன்றியது. பிங்கர்ட்டன் என்னும் தனியார் துப்பு நிறுவனத்தில் உண்மையிலேயே பணியாற்றிய டாஷியல் ஹாமெட், 1923 முதல் அவ்விதழில் பெயரில்லாத் துப்பறிவாளன் ஒருவனைப் பற்றி எழுதலானார். 1929இல் வெளிவந்த அவரது 'ரெட் ஹார்வெஸ்ட்' புதினத்தில், ஒரு சுரங்க நகரமே கொள்ளைக் கூட்டத்தாரிடம் சிக்கிக் கிடக்கிறது. அடுத்த ஆண்டு 'தி மால்டீஸ் ஃபால்கன்' வந்தது. 1939இல் ரேமண்ட் சாண்ட்லரின் 'தி பிக் ஸ்லீப்' வெளியாயிற்று. சாண்ட்லர் 1944இல் எழுதிய கட்டுரையொன்றில், ஆங்கிலேய மாளிகைகளில் தேநீர்க் கோப்பைகளுக்கிடையே நிகழும் புதிர்க் கொலைகளை எள்ளி, கொலையை அது உண்மையில் நிகழும் தெருவுக்குக் கொண்டுவந்தவர் ஹாமெட் என்று போற்றினார்.

இக்கதைகளுக்குப் பின்னணி, மதுவிலக்கு நடைமுறையிலிருந்த 1920 முதல் 1933 வரையிலான அமெரிக்கா. காவலர் கையூட்டு வாங்குவர்; நீதிபதி விலைபோவார்; செல்வர் சட்டத்துக்கு மேலே நிற்பர். இவற்றின் நடுவே வாடகை பாக்கியுள்ள ஓர் அறையில் அமர்ந்திருக்கும் தனிமனிதன், தன் கதையைத் தானே, சற்றே கசந்த நகைப்போடு சொல்லிச் செல்கிறான். இவ்வளவும் உரோமாபுரிக்கு எப்படிப் பொருந்தும் என்று கேட்கத் தோன்றலாம். பொருந்துகிறது என்பது மட்டுமன்று. சில இடங்களில் அமெரிக்காவைவிடவும் நன்றாகப் பொருந்துகிறது.

ஏறத்தாழப் பத்து இலட்சம் மக்கள் வாழ்ந்த அப்பெருநகரில், குடியரசுக் காலத்தில் காவல்துறை என்ற ஒன்றே இருந்ததில்லை. சந்தைகளையும் தெருக்களையும் மேற்பார்க்க ஈடைல் என்னும் அலுவலர் இருந்தனர். சிறையையும் தண்டனை நிறைவேற்றத்தையும் கவனிக்க மூவர் குழு ஒன்று இருந்தது. ஒருவன் கொல்லப்பட்டால் ஓடிவந்து தடயம் தேடும் அரசு ஊழியர் எவருமிலர். உறவினனோ பகைவனோ முன்வந்து வழக்குத் தொடுக்க வேண்டும். சான்றும் அவனே திரட்ட வேண்டும். பேரரசன் அகஸ்டஸ் கி.பி. 6ஆம் ஆண்டில் 'விஜிலேஸ்' எனப்படும் இரவுக் காவற் படையை ஏழு பிரிவுகளாக அமைத்தான். பதினான்கு வட்டாரங்களாகப் பகுக்கப்பட்டிருந்த நகரில் ஒவ்வொரு பிரிவும் இரண்டு வட்டாரங்களைக் காத்தது. அவர்களது தலையாய பணி தீயணைப்பு. அப்படைக்கான செலவு அடிமை விற்பனையின் மீது விதிக்கப்பட்ட வரியிலிருந்து எடுக்கப்பட்டது என்பதை இங்கே குறித்து வைப்போம், பின்னர் வேண்டியிருக்கும்.

இத்தகைய நகரில் குற்றவியல் வழக்கு எப்படி நடந்தது என்பதற்கு நமக்குக் கிடைத்துள்ள மிகச் சிறந்த ஆவணம், கி.மு. 80இல் இருபத்தாறு வயது சிசரோ ஆற்றிய உரை. அது வழக்குரைதான், ஆனால் படிப்பவர்க்குத் துப்பறிகதை படிக்கும் சுவையைத் தருவது.

அமேரியா என்னும் ஊரைச் சேர்ந்த செல்வர் செக்ஸ்டஸ் ரோசியஸ், உரோமில் விருந்துண்டு திரும்புகையில், பல்லாசினா நீராடுதுறைக்கு அருகே இரவில் வெட்டுண்டு இறந்தார். அவருக்குத் திபர் ஆற்றையொட்டிப் பதின்மூன்று பண்ணைகள் இருந்தன. மதிப்பு அறுபது இலட்சம் செஸ்டர்ஸ். அக்காலத்தில் தனியதிகாரத் தலைவன் சுல்லா, தன் பகைவர் பெயர்களைப் பட்டியலிட்டுப் பொதுமன்றத்தில் ஒட்டியிருந்தான். பட்டியலில் இடம்பெற்றவனை யாரும் கொல்லலாம், கொன்றவனுக்குப் பரிசு, இறந்தவன் சொத்து ஏலத்துக்கு. அப்பட்டியல் கி.மு. 81 சூன் முதல் நாளோடு மூடப்பட்டுவிட்டது. ரோசியஸ் இறந்ததோ அதன் பின்னர். இருந்தும் அவர் பெயர் பட்டியலில் ஏறியது; அறுபது இலட்சம் மதிப்புள்ள நிலத்தை இரண்டாயிரத்துக்கு ஏலமெடுத்தவன் சுல்லாவின் செல்லப்பிள்ளையாகிய, விடுதலை பெற்ற அடிமை, கிரிசோகோனஸ். பண்ணைகளில் மூன்று, இறந்தவரின் உறவினனும் பகைவனுமாகிய காப்பிட்டோவுக்குச் சேர்ந்தன. காப்பிட்டோவின் கூட்டாளியான மாக்னஸ் என்பவனும் அதே குலத்தவன். எஞ்சி நின்ற தடை இறந்தவரின் மகன் ஒருவனே. அவன்மீது தந்தையைக் கொன்றான் என்று வழக்குத் தொடுத்தனர். தந்தைக் கொலைக்குத் தண்டனை, தோற்பையில் உயிரோடு வைத்துத் தைத்து நீரில் எறிவது.

சிசரோ எடுத்துக்காட்டும் தடயங்களுள் ஒன்று நெஞ்சைவிட்டு அகலாதது. கொலை நிகழ்ந்தது இரவின் முதல் நாழிகைகள் கழிந்த பின். பொழுது விடியுமுன் அச்செய்தி அமேரியாவை எட்டிவிட்டது. ஐம்பத்தாறு மைல், பத்து மணி நேரம், அதுவும் இரவில், மாற்று வண்டிகளில். அவ்வளவு விரைந்து செய்தி கொணர்ந்த கிளாசியா என்பவன் நேரே சென்றது எங்கே? இறந்தவரின் மனைவி மக்கள் இருக்கும் இல்லத்துக்கன்று, காப்பிட்டோவின் வீட்டுக்கு. மகன் கொன்றிருந்தால் பகைவன் வீட்டுக்கு முதற்செய்தி ஏன் போகவேண்டும் என்று வினவுகிறார் சிசரோ. இதனால் யாருக்கு நன்மை என்று ஒவ்வொரு வழக்கிலும் கேட்ட பழைய நீதிபதி லூசியஸ் காசியஸ் லாங்கினஸை அவர் நினைவூட்டுவதும் இவ்வுரையில்தான். இன்றளவும் சட்ட மாணவர் இலத்தீன் மொழியிலேயே மேற்கோள் காட்டும் வினா அது. காசியஸ் லாங்கினஸ் என்னும் குடிப்பெயரையும் வாசகர் நினைவிற் கொள்ள வேண்டுகிறேன்.

மற்றொரு தடயத்தைச் சிசரோ பெரிதாக்கிக் காட்டவில்லை. எனக்கு அதுவே பெரிதாகப் படுகிறது. கொலை நிகழ்ந்தபோது இறந்தவருடன் இரண்டு அடிமைகள் இருந்தனர். நடந்ததைக் கண்ணாரக் கண்டவர்கள் அவர்கள். மகன் தரப்பு அவர்களை விசாரணைக்குக் கேட்டது. சொத்தோடு அடிமைகளையும் கைப்பற்றிக்கொண்டவர்கள் தர மறுத்தனர். இங்கே 'விசாரணை' என்ற சொல்லை நம் பொருளில் எடுத்துக்கொள்ளலாகாது. உரோமச் சட்டத்தில் அடிமையின் வாக்குமூலம் வதைத்துப் பெற்றாலன்றிச் செல்லாது. ஆக, உண்மையை அறிந்த இருவர் இருந்தனர். அவர்கள் வாயைத் திறக்க வழி ஒன்றுதான் இருந்தது. அவ்வழியைத் திறக்கச் சொல்லி மன்றாடியது நீதியின் தரப்பு.

சிசரோ வழக்கை வென்றார். கிரிசோகோனஸைத் தாக்கியவர், சுல்லாவை மட்டும் கடவுளர்க்கு நிகராக உயர்த்தி, இத்தனைச் சிறு செய்திகள் அத்தகைய பெருந்தலைவர் காதுக்கு எட்டாமற்போவது இயல்பே என்று வழுக்கிச் செல்லும் இடம் ஒவ்வொரு வழக்குரைஞரும் படிக்கத்தக்கது. அரசியல் தெரிந்த இளைஞர்.

அமெரிக்காவின் டெக்சாஸில் பிறந்து, வரலாறும் பண்டை இலக்கியமும் பயின்ற ஸ்டீவன் செய்லர் இவ்வுரையை எடுத்துக்கொண்டு 1991இல் 'ரோமன் பிளட்' என்னும் புதினத்தை எழுதினார். கோர்டியானஸ் என்னும் 'கண்டுபிடிப்பவன்' வீட்டுக் கதவை ஒருநாட் காலை ஓர் இளைஞன் தட்டுகிறான். அவன் டைரோ, சிசரோவின் அடிமை. பின்னாளில் விடுதலை பெற்று, சிசரோவின் எழுத்துகளைப் பேணிக் காத்து, தன் பெயரால் வழங்கும் சுருக்கெழுத்தையும் விட்டுச்சென்ற அதே வரலாற்று மனிதன். உரையில் சிசரோ சொல்லாமல் விட்ட இடங்களில் கோர்டியானஸ் நடக்கிறான்: கொலை நிகழ்ந்த தெரு, அங்குள்ள கடைகள், பார்த்தும் பார்க்காதவர் போலிருக்கும் அண்டை வீட்டார். வழக்குரைஞரின் கடமை தன் கட்சிக்காரனை மீட்பது. உண்மையைச் சொல்வது அவருடைய கடமையன்று. வென்ற உரை உண்மையான உரைதானா என்று புதினம் கேட்கிறது. ஆய்வாளரிலும் சிலர் மகனின் குற்றமின்மையை ஐயுற்றதுண்டு. புதினத்தின் முடிவை இங்கே சொல்லிவிட்டால் படிக்க எண்ணுவோர் என்னைப் பொறுக்கமாட்டார்கள்.

இதே முறையைச் செய்லர் 1996இல் வெளிவந்த 'எ மர்டர் ஆன் தி ஆப்பியன் வே'யிலும் கையாண்டார். கி.மு. 52 சனவரியில் கிளோடியஸ் என்னும் அரசியல்வாதி ஆப்பியன் நெடுஞ்சாலையில், பகைவன் மைலோவின் ஆட்களால் கொல்லப்பட்டான். அவன் உடலை மக்கள் செனட் மாளிகையிலேயே வைத்து எரிக்க, மாளிகையும் சேர்ந்து எரிந்தது. மைலோவுக்காகச் சிசரோ பேசிய உரை படைவீரர் சூழ்ந்த மன்றத்தில் தடுமாறித் தோற்றது. இன்று நம் கையிலிருப்பது பின்னர் அமைதியாக அமர்ந்து எழுதிச் செப்பனிட்ட வடிவம். நாடு கடந்து மசிலியாவில் வாழ்ந்த மைலோ அதைப் படித்துவிட்டு, இப்படி அன்றே பேசியிருந்தால் நான் இவ்வூரின் சுவையான மீனை உண்ண நேர்ந்திராதே என்று சொன்னதாக வரலாற்றாசிரியர் டியோ குறிக்கிறார். மேடையில் பாடியதும் நூலில் அச்சேறியதும் வேறாக இருக்கும் வழக்கம் நம் கவியரங்குகளுக்கு மட்டுமே உரியதன்று போலும்.

இனி இங்கிலாந்துக்கு வருவோம். செய்லருக்கு ஈராண்டு முன்னர், 1989இல், லிண்ட்சி டேவிஸ் என்னும் பெண்மணி 'தி சில்வர் பிக்ஸ்' என்ற முதற் புதினத்தை வெளியிட்டார். பர்மிங்காமில் பிறந்து, ஆக்ஸ்ஃபோர்டில் ஆங்கில இலக்கியம் பயின்று, பதின்மூன்றாண்டுகள் அரசுப் பணியாற்றிய பின் எழுத்துக்கு வந்தவர். தலைப்பிலுள்ள 'பன்றிகள்' என்பன உருக்கி வார்த்த உலோகப் பாளங்களுக்கு ஆங்கிலத்தில் வழங்கும் பெயர். பிரித்தானியாவை உரோமர் வென்றது கி.பி. 43இல், ஆறே ஆண்டுகளில் அங்குள்ள மெண்டிப் குன்றுகளில் ஈயம் வெட்டி வார்த்துவிட்டனர் என்பதற்குக் கி.பி. 49ஆம் ஆண்டு முத்திரை பொறித்த பாளம் சான்று. அந்த ஈயத்திலிருந்து பிரித்தெடுக்கப்படும் வெள்ளியைச் சுற்றிய சதியே கதை.

நாயகன் மார்க்கஸ் டிடியஸ் ஃபால்கோ. அப்பெயரைக் கேட்டால் ஹாமெட்டின் பருந்து நினைவுக்கு வராமற் போகாது. கி.பி. 70இல் அவனுக்கு வயது இருபத்தொன்பது. அவெண்டைன் குன்றின் சந்தொன்றில், சலவைக்கடைக்கு மேலே, ஆறாம் மாடியில் குடியிருப்பு. கூரை ஒழுகும், வாடகை பாக்கி. பணம் வேண்டுவோர் அத்தனை படி ஏறமாட்டார்கள் என்பது ஒன்றே அவனுக்கு ஆறுதல். தொழில் 'தகவல் தருபவன்'. இச்சொல் உரோமர் காதில் நாறும் சொல். பேரரசர் காலத்தில் பிறர்மீது குற்றஞ்சாட்டி, தண்டிக்கப்பட்டவரின் சொத்தில் பங்கு பெற்றுப் பிழைத்த கூட்டத்துக்கு அது பெயர். சாண்ட்லரின் துப்பறிவாளனுக்குக் காவல்நிலையத்தில் கிடைக்கும் மரியாதை எதுவோ, அதுவே ஃபால்கோவுக்கு ஊர் முழுவதும். அவன் நண்பன் பெட்ரோனியஸ் இரவுக் காவற் படைத் தலைவன். காதலி ஹெலினா ஜஸ்டினாவோ செனட்டரின் மகள். அவளை முறைப்படி மணக்க அவன் குதிரை வீரர் வகுப்புக்கு உயர வேண்டும். அதற்கு நான்கு இலட்சம் செஸ்டர்ஸ் சொத்து வேண்டும். இருபது புதினங்களாக, 2010 வரை, நீண்ட இவ்வரிசையின் முற்பகுதியை இழுத்துச் செல்வது கொலைகளைவிட இந்த நான்கு இலட்சமே எனலாம்.

டேவிஸ் தேர்ந்த காலமும் நன்று. ஒரே ஆண்டில் நான்கு பேரரசரைக் கண்டு களைத்த நகரம், அரியணை ஏறிய வெஸ்பேசியனோ சிக்கனக்காரன், கருவூலம் வெறுமை. துணி வெளுப்போர் பொதுக் கழிப்பிடங்களிலிருந்து திரட்டிப் பயன்படுத்திய சிறுநீருக்கும் அவன் வரி விதித்ததைச் சூட்டோனியஸ் குறித்துள்ளார். சலவைக்கடை மேல் ஃபால்கோவைக் குடியமர்த்திய டேவிஸ் அந்த நாற்றத்தை வாசகர் மூக்கிலும் ஏற்றிவிடுகிறார். பளிங்குத் தூண்களையும் வெள்ளை அங்கிகளையும் திரைப்படங்களில் கண்டு பழகிய நமக்கு, ஐந்தாறு மாடிகள் அடுக்கிய, அடிக்கடி தீப்பற்றிச் சரியும் வாடகைக் கட்டடங்களின் உரோமை அவர் அறிமுகம் செய்தது பெருந்தொண்டு. அந்நகர் கற்பனையன்று. மேல்மாடியிலிருந்து விழும் சட்டிகளுக்கு அஞ்சி, உயில் எழுதிவைத்துவிட்டே விருந்துக்குப் புறப்படவேண்டும் என்று நையாண்டிக் கவிஞர் ஜுவெனல் சொன்ன நகர்தான் அது.

நமக்கும் அந்நகருக்கும் உள்ள தொடர்பை ஒரு வரியிற் சொல்லிக் கடந்துவிடலாம். உரோமின் புனிதத் தெருவருகே பேரரசன் டொமிஷியன் கட்டிய மிளகுப் பண்டகசாலைக்கு மூட்டைகள் ஏறியது முசிறித் துறையும் அதனையொத்த துறைகளும் இருந்த கரையிலிருந்து. பிளினி தரும் விலைப்படி கருமிளகு இராத்தல் நான்கு தினாரி. ஆண்டுதோறும் ஐந்து கோடி செஸ்டர்ஸ் இந்தியாவுக்குப் போகிறதே என்று அவர் பெருமூச்சு விட்டதும் அறிந்ததே.

கவிஞர் மிகுந்த நம் வட்டத்தில் ஃபால்கோவைப் பற்றிச் சொல்லியே ஆகவேண்டியது இன்னொன்று: அவனும் கவிஞன். நல்ல கவிஞன் என்று டேவிஸ் எங்கும் சொல்லவில்லை. 2000இல் வெளிவந்த 'ஓட் டு எ பேங்கர்' புதினத்தில் அவன் தன் கவிதைகளை அவையேற்றுகிறான். வட்டிக்கடைக்காரரும் நூற்சுருள் வெளியீட்டாளருமான ஒருவர் அவற்றை வெளியிட முன்வருகிறார். ஃபால்கோ மகிழ்ந்து போய்ப் பேசினால், செலவைக் கவிஞனே ஏற்கவேண்டும் என்பது தெரியவருகிறது. பின்னர் அவ்வெளியீட்டாளர் தம் நூலகத்திலேயே கொலையுண்டு கிடக்கிறார். கொன்றவர் யாராயினும், நோக்கம் உடையோர் பட்டியலில் கவிஞர்கள் முதலிடம் பெறுவதைக் கண்டு நான் வாய்விட்டுச் சிரித்தேன். இதுவும் வெறுங்கற்பனையன்று. மூன்று மாடி ஏறி வாழ்ந்த கவிஞர் மார்ஷல், தம் நூலை இரவல் கேட்டவனிடம் கடைத்தெருவில் ஐந்து தினாரி கொடுத்து வாங்கிக்கொள் என்று வழிகாட்டியதை எழுதியிருக்கிறார். தம் பாட்டைத் தனதென்று படித்தவனை அவர் ஏசிய சொல், பிறர் அடிமையைத் திருடுவோனைக் குறிக்கும் சொல். இலக்கியத் திருட்டுக்கு ஐரோப்பிய மொழிகள் இன்றும் வழங்கும் சொல் அதிலிருந்து பிறந்தது.

அடிமைத் திருட்டு என்ற இடத்தில் நகைச்சுவையை நிறுத்திக்கொள்கின்றேன். இக்கதைகளின் உண்மையான சோதனை அங்கேதான் தொடங்குகிறது.

'தி சில்வர் பிக்ஸ்' கதையில் ஃபால்கோ உளவறிவதற்காக அடிமை வேடமிட்டு மெண்டிப் சுரங்கத்துள் இறங்குகிறான். குளிரிலும் அடியிலும் எலும்பு நொறுங்கி, உயிர் ஊசலாடும் நிலையில் மீட்கப்படுகிறான். வரிசை முழுவதிலும் நகைப்பு அறவே அற்றுப்போகும் பக்கங்கள் அவை. ஆனால் ஃபால்கோ மேலே வந்துவிட்டான், உடனிருந்தவர்கள் வரவில்லை. அவர்களைப் பற்றி அவன் பின்னர் நினைப்பது குறைவு. செய்லரின் கோர்டியானஸோ நெஞ்சில் ஈரமுள்ளவன் என்றாலும், அவன் வீட்டில் பெதெஸ்டா என்னும் எகிப்தியப் பெண் அடிமையாகவே இருக்கிறாள், படுக்கையையும் பகிர்கிறாள், பின்னரே விடுதலையும் திருமணமும். ஆசிரியர் இதை மறைக்கவில்லை. மறைக்காமலேயே மெல்லத் தாண்டிச் செல்லவும் இயலும் என்பதை அப்பகுதிகளிற் கண்டேன்.

கி.பி. 61இல் நகரத் தலைமை அலுவலர் பெடானியஸ் செகுண்டஸைத் தம் அடிமையொருவனே கொன்றான். விலை பேசி விடுதலை தர ஒப்பிய பின் மறுத்தமையாலோ, காதற் போட்டியாலோ என்று தாசிட்டஸ் இரு காரணங்கள் தருகிறார். தலைவன் கொல்லப்பட்டால் அவனோடு ஒரே கூரையின்கீழ் இருந்த அடிமைகள் அனைவரும் கொல்லப்பட வேண்டும் என்பது பழைய வழக்கு, கி.பி. 10இல் செனட்டின் தீர்மானமும் அதற்கு உரமூட்டியிருந்தது. பெடானியஸ் இல்லத்தில் இருந்தவர் நானூறு பேர். பெண்டிர், முதியோர், குழந்தைகள் உட்பட. நகர மக்கள் திரண்டு எதிர்த்தனர். செனட்டில் சட்ட வல்லுநர் ஒருவர் எழுந்து, இத்தனை அடிமைகளுள் ஒருவனுக்குமா தெரியாமற் போயிற்று, அச்சமின்றி இவர்களை அடக்க இயலுமா, பொது நன்மைக்காகச் சிலர் அநீதியுறுவது பொறுக்கத்தக்கதே என்னும் கருத்துப்பட உரையாற்றினார். அவர் பெயர் காயஸ் காசியஸ் லாங்கினஸ். யாருக்கு நன்மை என்று கேட்ட அந்தப் பழைய நீதிபதியின் குடியில் வந்தவர். கல்லும் தீப்பந்தமும் ஏந்திய மக்களை விலக்க நீரோ வழிநெடுகப் படையை நிறுத்தினான்; நானூறு பேரும் கொல்லப்பட்டனர். அடிமைகளிடம் அன்பாயிருக்கக் கடிதம் எழுதிப் புகழ்பெற்ற செனெகா அந்நாளில் நீரோவின் அவையில் செல்வாக்கோடு இருந்தவர். தாசிட்டஸின் இப்பகுதியில் அவர் வாய்ச்சொல் எதுவும் இல்லை.

இந்நிகழ்ச்சியின் சாயலைச் செய்லர் 1992இல் 'ஆர்ம்ஸ் ஆஃப் நெமிசிஸ்' புதினத்தில் ஸ்பார்ட்டகஸ் கிளர்ச்சி மூண்டிருந்த கி.மு. 72க்குக் கொண்டுசென்றார். பெருஞ்செல்வன் கிராசஸின் மாளிகையில் அவன் உறவினன் கொல்லப்படுகிறான். இரண்டு அடிமைகளைக் காணவில்லை. எஞ்சிய தொண்ணூற்றொன்பது பேரையும் கொன்று, கிளர்ச்சியாளரை அடக்கத் தானே தக்கவன் என்று காட்ட எண்ணுகிறான் கிராசஸ். ஈமச்சடங்கு நாளுக்குள் உண்மைக் கொலையாளியைக் கோர்டியானஸ் கண்டறிய வேண்டும். டேவிஸும் 2014இல், ஃபால்கோவின் வளர்ப்பு மகள் ஆல்பியாவை நாயகியாக வைத்து எழுதிய 'எனிமீஸ் அட் ஹோம்' நூலில் இச்சட்டத்தையே எடுத்தார். புதுமணத் தம்பதியர் கொலையுண்ட வீட்டின் அடிமைகள், அவெண்டைன் குன்றிலுள்ள சீரிஸ் அம்மன் கோயிலில் அடைக்கலம் புகுகின்றனர். இரு புதினங்களும் விறுவிறுப்பில் குறைவற்றவை. கோயில் வளாகத்தில் ஒண்டிக்கிடக்கும் அடிமைகளுக்குத் தனித்தனிக் குணமும் பொய்யும் சிறுமையும் தந்து அவர்களை மனிதராகக் காட்டிய வகையில் டேவிஸின் நூலே எனக்கு உயர்ந்ததாகத் தோன்றுகிறது.

எனினும் இரண்டிலும் ஒரு மாற்றம் செய்யப்பட்டிருக்கிறது; அதை வரலாற்று மாணவன் சொல்லாமல் இருக்கலாகாது. பெடானியஸ் வழக்கில் மர்மம் எதுவும் இல்லை. கொன்றவன் யாரென்று எல்லாருக்கும் தெரியும். சட்டம் 'யார் கொன்றான்' என்று கேட்கவில்லை. 'யார் அக்கூரையின்கீழ் உறங்கினான்' என்று கேட்டது. கொலையாளியைக் கண்டுபிடித்தால் குற்றமற்றவர் பிழைப்பர் என்பது துப்பறிகதையின் அடித்தளம். எவ்வளவு முரடானதாயினும் இந்த ஒரு நம்பிக்கை இன்றி அது நிற்காது. ஹாமெட்டின் நகரம் எவ்வளவு அழுகியதாயினும், உண்மை தெரிந்தால் தூக்குமேடையிலிருந்து ஒருவன் இறங்கிவர வழி உண்டு. உரோமில் அவ்வழி இல்லை. ஆகவே புதினம் கொலையாளியை மறைத்துவைக்க வேண்டியதாயிற்று, மறைத்தால்தான் தேடமுடியும், தேடினால்தான் காப்பாற்ற முடியும். எழுத்தாளரை இதற்காகக் குறைகூற எனக்கு மனமில்லை. கதை வடிவம் தரக்கூடிய இரக்கம் அவ்வளவே.

சட்டம் பின்னர் சற்றே தளர்ந்தது. பேரரசன் ஹேட்ரியன், கொலையை அறியக்கூடிய அண்மையில் இருந்த அடிமைகளை மட்டுமே வதைத்து விசாரிக்க வேண்டும் என்று வரம்பிட்டான். இரக்கமுள்ள ஆணை என்று அது போற்றப்படுகிறது. அதே ஹேட்ரியன் அளித்த தீர்ப்பொன்று, ஜஸ்டினியன் காலத்துச் சட்டத்தொகையில் பாதுகாக்கப்பட்டிருக்கிறது. ஒரு வீட்டுத் தலைவி தன் அறையில் கொல்லப்பட்டாள். உடனிருந்தவள் ஓர் அடிமைப் பெண். கத்தினால் உன்னையும் கொன்றுவிடுவேன் என்று கொலையாளி மிரட்டியதாக அவள் உண்மையைச் சொன்னாள். அச்சொல்லே அவளுக்கு எதிரான சான்றாயிற்று: கத்த முடிந்திருந்தது என்பது அதனால் தெளிவாகிறது, அக்கம்பக்கத்தார் கேட்டிருப்பர், தலைவியின் உயிரினும் தன் உயிரை அவள் பெரிதென எண்ணியிருக்கலாகாது, ஆகவே இறக்கத்தக்கவள் என்று பேரரசன் எழுதினான். அவள் பெயரைச் சட்டத்தொகை குறிக்கவில்லை. கொலையாளி பிடிபட்டானா என்பதையும் அது சொல்லவில்லை.